சூட்டில் ஊற்றிய பாலாடை

கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குருவுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. வயதில் மூத்தவர் என்பதால் பொறுமையும் கூடுதலாக இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அன்று மதியப் பேருந்தில் தணிகாசலத்தின் தம்பி வருவதாக இருந்தது. அம்மா இறந்தபோது தம்பிக்குத் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவன் ஊர் வருவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்று அவன் கத்த, போனை எடுக்காதவன் நீதானே என்று இவர் கத்த, அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அவனே வருகிறான். இதையும் கெடுத்துக்கொண்டால் தம்பி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆள் இருக்காது. காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தார்.

"தப்பு என் மேலயா, அவன் மேலயா? நீங்க சொல்லிடுங்க சாமி. அவன் வந்ததும் வாசல்லயே பேசி முடிச்சிடறேன்."

குரு எழுந்தார். வருகிறவருக்குப் பழமும் பாலாடையும் செய்து வைக்கலாம் என்று சமையலறைக்கு அழைத்துப் போனார். புளிப்பு பிளம்ஸைச் சர்க்கரை போட்டு வேகவைத்து மசிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, கடைந்து குளிரவைத்த பாலாடையைச் சேர்த்துக் கிளற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

தணிகாசலம் வேகவைத்தார், மசித்தார். ஆறும்வரை காத்திருக்க அவருக்கு எங்கே முடிகிறது? பாதிப் பழத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தில் எடுத்து, மேலே பாலாடையை ஊற்றிவிட்டார். கண்ணெதிரே அது திரிந்து, திப்பி திப்பியாகப் பிரிந்தது. அழாத குறையாக நின்றார் மனிதர்.

குரு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பரவாயில்லை, இதை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். பிறகு கேட்டார்:

"இதுல எது கெட்டுப் போயிருந்தது? பழமா, பாலாடையா?"

தணிகாசலம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு சாமி."

குரு தலையாட்டினார். சட்டியில் மிச்சமிருந்த பழத்தை அகலமான தட்டில் பரப்பினார். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு கிண்ணம் பாலாடை இருந்தது.

கீழே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டான் சாமி. இது இன்னும் ஆறலையே. நான் என்ன செய்யட்டும்?"

"உள்ளே கூட்டிட்டு வாங்க. அலமாரியில ரெண்டு விசிறி இருக்கு. ஆளுக்கு ஒண்ணா எடுத்து, உட்கார்ந்து வீசுங்க."