புடலைக்குக் கட்டிய கல்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் மடப்பள்ளிப் பொறுப்பு தெய்வானையம்மாளுடையது. பதினெட்டு வருஷமாக அவள் கைப்பக்குவம் ஒரு நாள் தவறியதில்லை. அவளுக்குத் துணையாகக் கனகம் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது வயது, புருஷனை இழந்தவள். பாவம், போக்கிடம் என்று ஒன்றும் கிடையாது.

வந்த மறுநாளே இருநூறு பேருக்குச் சோறு வடிக்கிற வேலையை தெய்வானை அவளிடம் விட்டாள். முதல் தடவை அடிப்பிடித்தது. அடுத்த தடவை குழைந்தது. பிரதோஷத்தன்றும் குழைந்துபோக, பந்தியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

"சோறு போடுறீங்களா, சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுறீங்களா?"

தெய்வானைக்குத் தாங்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸிலேயே ஊரைப் பார்க்கப் போய்விடு என்று சொல்லிவிட்டாள். கனகம் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆசிரமத்தை நடத்தும் சாமி சரி என்று சொல்வதுதான் பாக்கி. அவர் தெய்வானையைவிடப் பத்து வயது இளையவர். புடலைப் பந்தலடியில் களை பறித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இந்த வரிசைப் பிஞ்சுக்கெல்லாம் கல் கட்டிவிடுங்கம்மா. காலையில பேசிக்கலாம்."

கல் கட்டாவிட்டால் புடலை சுருண்டு வளரும். தெய்வானை எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒரே அளவாகக் கல் பொறுக்கி, வாழைநாரில் கட்டித் தொங்கவிட்டாள்.

விடிந்ததும் வந்து பார்த்தால், மூன்று பிஞ்சு கல்லோடு மண்ணில் கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை.

"ஏன் விழுந்துச்சு?" என்றார் சாமி.

"பிஞ்சுல பலமில்லை சாமி. எல்லாத்துக்கும் ஒரே கல்லுதான் கட்டினேன். மத்ததெல்லாம் நிக்குதே."

சாமி விழுந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்தார்.

"எனக்கு முன்னாலயே இங்க வந்தவங்க நீங்க. வந்த புதுசுல என்ன வேலை பார்த்தீங்க?"

"கீரை ஆய்ஞ்சேன்."

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம்..." என்றவள் துண்டிலிருந்த பிஞ்சுகளைப் பார்த்தாள்.

வாசலில் கனகம் பையோடு நின்றிருந்தாள். தூரத்து வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"கனகம்," என்று தெய்வானை குரல் கொடுத்தாள். "இன்னிக்குக் கீரை நிறைய வந்திருக்கு. பையை உள்ள வெச்சிட்டு வா, ரெண்டு பேருமா உக்காந்து ஆயலாம்."

கனகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ் நின்று, யாரையும் ஏற்றாமல் கிளம்பிப் போயிற்று.

தெய்வானை சாமியைப் பார்த்தாள்.

"அப்போ அவளுக்குக் கல்லே கட்ட வேண்டாங்கிறீங்களா சாமி?"

சாமி கொடியில் தொங்கிய ஒரு பிஞ்சைப் பறிக்காமல் உள்ளங்கையில் தாங்கினார்.

"கட்டணும்மா. அதுக்கு முன்னால ஒரு தடவை இப்படி ஏந்திப் பாருங்க."