நீரளவியின் கோப்புக்கு வால் ஒட்டிய கதை

1991 நவம்பர் 14, வியாழக்கிழமை. விடியலிலிருந்தே அடைமழை, அணை அலுவலகத்தின் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கணிப்பொறிக்குள் வாழ்ந்த நிரல்கள் ஒன்றோடொன்று பேசும்; சண்டையும் போடும்.

அவ்வலுவலகத்துக் கணிப்பொறியைக் கருனி என்னும் தலைமை நிரல் ஆண்டார். நினைவகத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் எல்லை வகுத்துக் கொடுப்பவரும், செயலிழந்து விழுந்த நிரலின் இடத்தைத் துடைப்பவரும் அவரே. அணையின் நீர்மட்டத்தைக் கணித்தவள் நீரளவி. அவளுடைய கணக்கை அறிக்கையாக்கி அச்சுப்பொறிக்கு அனுப்பியவன் அச்சோட்டி.

மழை நாளில் அறிக்கை நீளும். தன் இடம் போதாமல் அச்சோட்டி எல்லை தாண்டி நீரளவியின் இடத்தில் எழுதிவிடுவான். கணக்குக் குலைந்து அவள் விழுவாள். கருனி துடைத்ததும் தடயமும் போய்விடும். மீண்டும் எழுப்பப்படும்போது, தன்மேல் பிழையில்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

“அம்மையார் வெயிலில்தான் கணக்குப் போடுவாரோ? நாலு துளி விழுந்தால் மயங்கிவிடுகிறாரே!” என்று அச்சோட்டி சிரிப்பான்.

அன்று காலை நீரளவி கருனியிடம் சென்றாள்.

“இன்னொரு முறை விழுந்தால் என்னை நீக்கிவிடுவதாகப் பொறியாளர் சொல்லிவிட்டார், ஐயா. இனி நான் விழுந்தால், துடைப்பதற்கு முன் என் இடத்தில் இருப்பதை உள்ளபடியே சேமிப்பு வட்டில் எழுதி வையுங்கள். யார் செய்த தவறு என்பதை அதுவே சொல்லும்.”

“எழுதுகிறேன்” என்றார் கருனி.

நண்பகலில் மழை வலுத்தது. அறிக்கை நீண்டது. நீரளவி விழுந்தாள். கருனி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவளுடைய கடைசி நிலை முழுவதும் ஒரு கோப்பாயிற்று. அதற்குள் அச்சோட்டியின் வரிகள் அப்படியே கிடந்தன.

ஆனால், கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் ஒரு வாலும் வேண்டும். அந்த வாலைப் பார்த்தே அதை யார் திறப்பது என்பது முடிவாகும். கருனி அவையைக் கூட்டினார்.

எழுத்துக் கோப்புகளைத் திறக்கும் தொகுப்பி எட்டிப் பார்த்தான். “ஒரு வரிகூடப் புரியவில்லை. இதற்கு .txt என்று ஒட்டி என் தலையில் கட்டிவிடாதீர்கள், ஐயா.”

“இது படமும் இல்லையே. எனக்கு எதற்கு?” என்றாள் படங்காட்டி.

அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அச்சோட்டி மட்டும் அறிவான். “குப்பைக்கு இவ்வளவு யோசனையா? ஆங்கிலத்தில் ‘dump’, அதாவது கொட்டியது என்று பொருள்பட .dmp என வைத்துவிடுங்கள். ஒரு மூலையில் கிடக்கட்டும்.”

“சரி, இதை யார் திறப்பது?” என்று கேட்டார் கருனி.

தொகுப்பியும் படங்காட்டியும் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள். அச்சோட்டியின் அவசரம் கருனியின் கண்ணில் படாமலில்லை; ஆனால் அவனைப் பகைத்துக்கொண்டால் அன்றைய அறிக்கை அச்சேறாது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாலை ஒட்டினார். திறப்பவர் பெயரை எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்.

மாலையில் பொறியாளர் அந்தக் கோப்பை ஒருமுறை சொடுக்கிப் பார்த்தார். திறக்கவில்லை. நீரளவியை நீக்கினார். அவளுக்குப் பதிலாக வந்த நிரலும் அடுத்த மழையில் விழுந்தது. வட்டில் இடம் குறைந்தபோது முதலில் அழிக்கப்பட்டது நீரளவியின் கோப்பே. இத்தகைய கோப்புகளைப் படிக்கத் தெரிந்த பிழைநீக்கி என்னும் நிரல் பிற்பாடு வந்தது. தேடி அழைத்தாலன்றி அது வருவதில்லை. அச்சோட்டியை யாரும் நீக்கவில்லை.

அன்று முதல்தான், விழுகின்ற நிரல்கள் தம் கடைசி நிலையை .dmp கோப்பாக விட்டுச் செல்கின்றன. அதை நாம் சொடுக்கும்போதெல்லாம், அவையில் விடை கிடைக்காத கேள்வியைக் கணிப்பொறி நம்மிடம் கேட்கிறது: “இதை எதைக்கொண்டு திறப்பது?” நாமும் விடை சொல்லாமல் மூடிவிடுகிறோம்.