கோயில் கணியம்

இஞ்ஞாசி சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் கஸ்பாருக்கோ அறுபது தாண்டிவிட்டது. மதுரையில் இருந்த கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மணல்துறைக் கடற்கரையோரம் குடிசை போட்டு ஜெபத்தில் இருந்த அந்தத் துறவியிடம் வந்து சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம் என்று மீன் விற்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்துக்கொள்வார்கள்.

கொஞ்ச நாளாகக் கஸ்பார் சிரிப்பதில்லை. கடற்கரையெங்கும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய பூட்டனுக்கும் பூட்டிக்கும் திருமணம் நடந்த பழைய மாதா கோயிலைத் தேடித்தான் இந்தப் பாடு. சின்ன வயதில் அவர் காய்ச்சலில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது அம்மா ஒரு நேர்ச்சை வைத்தாள். பிள்ளை பிழைத்தால் அந்தக் கோயிலில் அவனை முழங்கால் போட வைக்கிறேன் என்று. கடல் அரித்ததால் ஊரார் அதை எப்போதோ இடித்துவிட்டது மதுரையில் இருந்த அவளுக்குத் தெரியாது. பிறகு கடை, கல்யாணம், பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அவள் படுத்த படுக்கை. போனில் பேச்சு வருவதே சிரமம். வந்தால் ஒரே கேள்விதான்.

"முழங்கால் போட்டியாய்யா?"

ஊரில் ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் என்றார் ஒருவர். பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம் என்றார் இன்னொருவர். தோண்டிய இடமெல்லாம் மணல்தான் வந்தது. ஒரு குழியில் யார் வீட்டு ஆடோ விழுந்து, கஸ்பார் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் குருவிடமே வந்து நின்றார்.

"சாமி, அந்தக் கோயில் எங்கதான் இருந்துச்சு?"

சாமி அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"சிலுவைதாசன் வள்ளம் தள்ளுறார். வாங்க, நாமளும் ஒரு கை கொடுப்போம்."

கை கொடுத்ததோடு விடவில்லை. மீன்பிடிக்கக் கிளம்பிய அவரோடு வள்ளத்தில் ஏறியும் கொண்டார்கள்.

கஸ்பார் வள்ளத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கோயிலைக் கேட்டால் கடலுக்குக் கூட்டி வருகிறாரே மனுஷன் என்று அவருக்கு எரிச்சல் வேறு. சிலுவைதாசனோ போகிற திசையைப் பார்ப்பதாகவே இல்லை. திரும்பித் திரும்பிக் கரையைப் பார்த்தே ஓட்டினார். ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார். அடியில் அது கல்லில் தட்டியது.

"பார் கிடைச்சாச்சு."

"பார்னா?"

"கடலுக்கடியில கிடக்குற பாறை, அண்ணாச்சி. மீன் கூடுற இடம்."

"இவ்வளவு தண்ணியில எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கணியம் பார்த்துத்தான். கரையில ரெண்டு அடையாளம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரணும். இதுக்குக் கோயில் கணியம்னு பேரு. மலை உச்சியும் மாதா கோயில் கோபுரமும் நேரா வரணும். அந்தப் பக்கம் லைட் ஹவுஸும் பாறை முனையும் நேரா வரணும். எங்க அப்பாவுக்கு அவரு அப்பா காட்டினது. அப்பா எனக்குக் காட்டினாரு."

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் மலை உச்சி தெரிந்தது. அதற்கு நேர் கீழே ஏலக்கூடமும் இல்லை, மைதானமும் இல்லை. அலை உடைந்து வெள்ளையாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கேயா?"

"அங்கதான். கோயில் அஸ்திவாரக் கல்லுமேலதான் அந்த அலை உடையுது."

"உங்ககிட்டயும் கேட்டேனே! ஏன் சொல்லலை?"

"கரையில நின்னு கேட்டீங்க. கரையில நின்னா எனக்கும் தெரியாதே, அண்ணாச்சி."

சாமி மெதுவாகக் கேட்டார். "உங்க பூட்டன் எந்த ஊரு?"

"அவரு வெளியூரு, சாமி."

"அந்தக் காலத்துல ரோடு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் கடல் வழியாத்தான் வந்திருக்கணும். கோபுரத்தைப் பார்த்துத்தான் வள்ளம் விட்டிருப்பாங்க."

கஸ்பார் மலையை மறுபடி பார்த்தார். அப்படியானால் புது உடுப்போடு, நெஞ்சு படபடக்க, ஒரு இளைஞன் இதே தண்ணீர்மேல் இதே மலையைப் பார்த்தபடி வந்திருக்கிறான். இல்லாத கோபுரத்தை இத்தனை வீட்டு ஆண்கள் கண்ணுக்குக் கண் கைமாற்றி வைத்திருக்கிறார்கள். விளிம்பைப் பிடித்திருந்த பிடியை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

வலையைத் தொடுவதற்கு முன் சிலுவைதாசன் தலைத்துண்டை அவிழ்த்தார். அலை உடையும் இடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாரைக் கும்பிடுறீங்க?"

"கோயிலை."

"கோயில்தான் இல்லையே!"

"கரையிலதான் இல்ல."

கஸ்பாரின் கண்கள் நிறைந்துவிட்டன. அம்மாவுக்கு மூச்சு இருக்கும்போதே பதில் சொல்லியாக வேண்டும். அவர் குருவைப் பார்த்தார்.

"நான் எங்க, சாமி, முழங்கால் போடுறது?"

சாமி எழுந்து, வள்ளத்தின் நடுவில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

"கொஞ்சம் ஆடும். பிடிச்சுக்கிட்டுப் போடுங்க."