பட்டை பிஸ்கட் டப்பா

“என் தங்கச்சி இனிமேல் பிஸ்கட் அனுப்ப வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மாதாஜி,” என்றாள் கனகவல்லி. அன்று காலை பஸ்ஸில் வந்த டப்பா அவள் மடியில் இருந்தது.

மாதாஜி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். கனகவல்லியைவிடப் பத்து வயது இளையவர். ஆனைமலை அடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு அவர்தான் குரு.

“நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னா அழுவா.”

“நான் சொன்னா?”

“அப்பவும் அழுவா. ஆனா என் காதுல விழாது.”

மாதாஜி காயைக் கீழே வைத்தார். “அப்படி என்ன பிஸ்கட்?”

“பட்டை பிஸ்கட்டுங்க. வால்பாறை எஸ்டேட்ல எங்கம்மா துரை பங்களாவுல சமையல் செஞ்சாங்க. அங்கே கத்துக்கிட்டது. மைதாவும் வெண்ணெயும் பிசைஞ்சு நான் உருட்டிப் போடுவேன். தங்கச்சி சுலோச்சனா பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில புரட்டி எடுப்பா. நடுநடுவே விரலை நக்கிக்குவா. சட்டிக்குக் கீழேயும் கரி, மூடி மேலேயும் கரி. வெந்து மேலே லேசா வெடிக்கும் பாருங்க, லயன் வீடு அத்தனைக்கும் வாசம் போகும். ஞாயித்துக்கிழமைன்னா அதுதான்.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா போயாச்சு. அந்த வீடும் போயாச்சு. எல்லாத்தையும் உதறிட்டு இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஜபம் பண்ணக் கண்ணை மூடினா அந்த வாசம்தான் முன்னால வந்து நிக்குது. இப்படியே போனா நான் எங்கே தேறுறது?”

“வர்றதை என்ன செய்றீங்க?”

“மாட்டுக்கொட்டகை ராமாத்தாகிட்ட கொடுத்துடுவேன். நான் தொடறதில்லை.”

“டப்பா?”

“இதோட பதினொண்ணு. மத்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு.”

“திருப்பி அனுப்பலையா?”

கனகவல்லி திடுக்கிட்டாள். “வெறும் டப்பாவையா? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுக்கணும்? எனக்குன்னு இங்கே என்ன இருக்கு, போட?”

மாதாஜி சிரித்துவிட்டார். “வீட்டை விட்டீங்க, நகையை விட்டீங்க. இது மட்டும் ஒட்டிக்கிட்டே வந்துடுச்சா?”

கனகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாதாஜி கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கித் திறந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.”

“எப்பவும் அவ அப்படித்தான்!” என்றாள் கனகவல்லி. “கையில அளவே நிக்காது. பக்கத்துல இருந்து போதும்டி, போதும்டின்னு நான் சொல்லிட்டே இருக்கணும்.”

மாதாஜி மெதுவாக மென்றார். அவர் உதட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையையே கனகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப யார் சொல்றாங்க, போதும்னு?”

கனகவல்லி டப்பாவின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“யாருமில்லீங்க. வால்பாறையிலேயே தனியாத்தான் இருக்கா.”

“வால்பாறை பஸ் எத்தனை மணிக்கு?”

“ரெண்டரைக்கு.” கனகவல்லி எழுந்துவிட்டாள். இரண்டடி வைத்துத் திரும்பினாள். “ஆனா மத்த டப்பா எல்லாம் காலியா இருக்கே, மாதாஜி!”

“டப்பாவோட நீங்களே போறீங்களே, அது போதாதா? பஸ்ல உட்கார இடம் இருக்குமில்ல?”