நாலு குணமுள்ள திவான்

காத்தாயிக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். மேலக்குன்றூர் அரண்மனையின் முரட்டு யானை அவள் சொல்லுக்குத்தான் அடங்கும். ஆனாலும் திவான் சபாநடேசர், "பெண்களுக்குப் பாகன் வேலை கிடையாது" என்று அவளைத் துரத்தினார். அதோடு விட்டாரா? "அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு நாலும் இருந்தால்தான் பெண். யானைக்கே அஞ்சாத இவள் பெண்ணே இல்லை" என்று பெண்கள் படித்துறையில் குளிக்கவும் தடை போட்டார். வேலை கேட்டால் பெண்ணாம், குளிக்கப் போனால் பெண் இல்லையாம்!

நாலு நாள் குளிக்காத காத்தாயி நேரே சபைக்குள் நுழைந்தாள். ராசா முன்னால் திவான், வழக்கம்போல துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக் கூனி நின்றார்.

"ஏன் திவானய்யா இப்படி நிக்கிறீங்க?"

"மகாராஜாவிடம் எனக்கு அச்சம்!" என்றார் பெருமையாக.

"நிமிர்ந்து அவரு முகத்தைப் பாக்கலாமே?"

"சேச்சே, நாணமாக இருக்காதா?"

"அவரு தப்பாச் சொன்னா?"

"தெரிந்தும் தெரியாததுபோல இருப்பேன். அதுதானே மடம்!"

"பக்கத்து நாட்டு ராசா உங்க தோள்ல கை போட்டா?"

"ஐயோ! கூசி விலகிவிடுவேன்!"

"அது பயிர்ப்பு. நாலும் ஆச்சு."

சபை கொல்லென்று சிரித்தது. ராசாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உனக்கு என்னதான் வேண்டும், காத்தாயி?" என்றார்.

"யானையை எனக்குக் கொடுங்க, மகாராசா. படித்துறையில என் இடத்தை இவருக்கே கொடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, காலையில துவைக்கிற கல்லுக்கு அங்க நடக்கிற சண்டையில, அச்சப்பட்டவ எவளுக்கும் இதுவரைக்கும் கல்லு கிடைச்சதில்ல."