முடிச்சுப் போட்ட பூனை

விலங்குகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் பூனைக்குட்டிகள் எல்லாமே வெள்ளையாகத்தான் பிறந்தன. கண் திறந்ததும் ஆற்றங்கரைச் சாயக்காரரிடம் போக வேண்டும். அம்மா தன் நிறத்தில் ஒரு குடம் சாயம் கொடுத்தனுப்பும். அப்பாவும் தன் நிறத்தில் ஒரு குடம் கொடுக்கும், ஆனால் மகளுக்கு மட்டும். மகன் கேட்டால், "ஆம்பளப் புள்ளைக்கு அம்மா குடம் ஒண்ணு போதும்" என்று வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடும்.

ஒரு குட்டிக்குத் துடுக்கி என்று பேர். அதன் அம்மா செவலை, அப்பா கறுப்பு. அண்ணன்மார் இருவரும் அம்மாவின் ஒரே குடத்தில் முங்கி, செக்கச்செவேலென்று எழுந்து போய்விட்டார்கள். துடுக்கியிடம் இரண்டு குடம் இருந்தது; சாயக்காரர் அவற்றைத் தனித்தனித் தொட்டியில் ஊற்றி வைத்தார்.

சாயக்காரர் சட்டத்தைச் சொன்னார். "ஒரு உடம்புக்கு ஒரு நெறம். மொதல்ல செவலையில முக்குவேன். அதுக்கு மேல கறுப்பு. கறுப்பு வலுவானது, மூடிரும்."

"அப்ப எங்கம்மா நெறம்?"

"உள்ள ஒளிஞ்சு கெடக்கும். பட்டாணிக் கொடியப் பாரு. நெட்டையும் குட்டையும் கூடினா புள்ளை நெட்டை. குட்டை ஒளிஞ்சிருந்து பேரப்புள்ளையில எட்டிப் பாக்கும். அது ஏதாச்சும் சண்டைக்கு வந்துச்சா?"

"பட்டாணி ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கணுமா?"

கூட வந்திருந்த அப்பா பூனை மீசையை நீவிக்கொண்டு சிரித்தது. அம்மா பூனை மகளின் காதோரம் வந்து, "விடு கண்ணு. நான் ஒளிஞ்சுக்கிறேன். பேத்திகிட்ட வந்துட்டுப் போறேன்" என்றது. அதைக் கேட்டதும் துடுக்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னைப் பெற்றவள் எதற்காக ஒளிய வேண்டும்?

வரிசையில் காத்திருந்தபோது சாயக்காரர் சேலை முக்குவதை அது பார்த்திருந்தது. நூலால் இறுக்கி முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஓடிப்போய் அவருடைய நூல்கண்டைக் கவ்வி வந்தது. வயிற்று மயிரையும் கால் மயிரையும் கொத்துக் கொத்தாகப் பிடித்து முடிந்தது.

"என்ன பண்ற?"

"இது நான் பொறந்த நெறம். எனக்கு வேணும்."

அவர் வாய் திறப்பதற்குள் செவலைத் தொட்டியில் குதித்து எழுந்தது. சொட்டச் சொட்ட நின்றபடி காதில் ஒரு முடிச்சு, வாலில் ஒரு முடிச்சு என்று மறுபடியும் போடத் தொடங்கியது. முதுகுக்கு மட்டும் வாய் எட்டவில்லை. அம்மாவைப் பார்த்தது. அம்மா பூனை அப்பா பூனையைப் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து வந்து, மகளின் முதுகில் பல்லால் கடித்துக் கடித்து முடிச்சுப் போட்டது.

"அவுத்துரு" என்றார் சாயக்காரர். "இல்லன்னா கறுப்பு கெடையாது. சாயம் முடியாத உடம்ப எந்தப் பூனையும் கூட்டத்துல சேக்காது. பருந்துக்குத்தான் தீனி."

"அவுக்க மாட்டேன்."

துடுக்கி தானே கறுப்புத் தொட்டியில் பாய்ந்தது. வெளியே வந்து கரையில் எல்லா நூலையும் பிய்த்துப் போட்டபோது, வெள்ளையும் செவலையும் கறுப்பும் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்று இன்னொன்றை மூடவில்லை. சாயக்காரர் மணலைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவர் கைச்சாயம் அவ்வளவு லேசில் போகுமா, என்ன?

அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் மகன் எவனுக்கும் இந்தக் கோலம் வராது, போ."

"ஒத்தக் குடத்துக்காரனுக்கு எப்படி வரும்? மகளுக்கு வருமில்ல?"

அம்மா பூனை மகளை நக்கிக்கொடுத்தது. நாக்கு பட்ட இடத்திலெல்லாம் அம்மாவின் நிறமும் இருந்தது.

அன்று முதல்தான் மூன்று நிறத்தில் ஒரு பூனை எதிரே வந்தால் அது அநேகமாகப் பெண்ணாகவே இருக்கிறது. அவர்களில் ஒருத்தியைப் போல இன்னொருத்தி இருப்பதில்லை, முடிச்சை எங்கே போடுவது என்று ஒவ்வொருத்தியும் தானே முடிவு செய்கிறாள்.