தராசு விட்டு இறங்குற வரைக்கும்

ஒரு ஊர்ல ஒரு ஜாக்கி இருந்தா. பேரு பிலோமினா. ஆமாடி, உங்கம்மாவேதான். சித்தி சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அவ ஓட்டுற குதிரை பேரு ஜம்பக்காரி. சரியான திமிரு பிடிச்சது. ஒருநாள் அதோட முதலாளி வந்து, "மூணு ரேஸ் தர்றேன் பிலோமி. ஒண்ணாவது ஜெயிக்கலேன்னா இதை பீச்சுல சவாரிக்கு வித்துருவேன்"னுட்டாரு. உங்கம்மா அசரல. "இது எங்கயும் போகாது சார்"னா.

முதல் ரேஸ். கேட் படார்னு திறந்துச்சு. தடதட தடதடன்னு ஓடுதுங்க. உங்கம்மா சாட்டையால சுளீர்னு ஒண்ணு வச்சா. ஜம்பக்காரிக்கு ரோஷம் வந்து, வேணும்னே மெதுவா ஓடி, கடைசி! அதுக்கப்புறம் அவ சாட்டையை ஓங்கவேயில்ல.

"ம்."

அப்புறம் ரெண்டாவது ரேஸ். காதுகிட்ட குனிஞ்சு "போடி கண்ணு"ன்னா பாரு, விருட்டுன்னு பாஞ்சு முதல்ல வந்துடுச்சு! இறங்குனதும் ஜாக்கி சேணத்தைத் தூக்கிட்டுப் போயி, தராசுல ஏறி, கிளம்புன எடை குறையலைன்னு காட்டணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. கையில எதையாவது திணிச்சிருப்பாங்கன்னு சந்தேகப்படுவாங்க. அப்போ ஒரு கூறுகெட்டவ வேடிக்கை பாக்குறவங்களைத் தடுக்குற கம்பியைத் தாண்டி ஓடிப்போயி உங்கம்மாவைக் கட்டிப் பிடிச்சிட்டா. ஜெயிச்சது செல்லாதுன்னுட்டாங்க.

"யாரு சித்தி அந்தக் கூறுகெட்டவ?"

நான்தான். மூணு நாள் அழுதேன். உங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. "இன்னும் ஒரு ரேஸ் இருக்குடி"ன்னா.

மூணாவது ரேஸ். பக்கத்துல நின்ன யாரோ ஒரு பொம்பளைகிட்ட என் துப்பட்டாவைக் குடுத்து, என் கையைக் கம்பியோட சேர்த்துக் கட்டச் சொல்லிட்டேன். தடதட தடதட... ஒரு மூக்கு நீளத்துல ஜம்பக்காரி முதல்! நான் கத்துறேன், குதிக்கிறேன், கை வரல. உங்கம்மா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நேரா தராசுக்குப் போனா. முள்ளு ஆடி ஆடி நின்னுச்சு. "எடை சரி"ன்னாரு தராசுக்காரர். இறங்கி வந்தவ முதல்ல என் முடிச்சைத்தான் அவுத்தா. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதோம்.

அதுக்கப்புறம் எத்தனை கோப்பை! அலமாரியில இடமில்ல. ஜம்பக்காரி இன்னும் லாயத்துல ஜம்பமா கொள்ளு திங்குது.

நாளைக்கு நீ முதல் தடவையா ரேஸ் பாக்க வர்ற. அம்மா ஜெயிப்பா, அதுல சந்தேகமேயில்ல. ஆனா தராசு விட்டு இறங்குற வரைக்கும் ஓடக்கூடாது. என்ன?

"ம்... துப்பட்டா எடுத்து வை சித்தி."

ரெண்டு வச்சாச்சு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. குதிரை லாயம் போயாச்சு, கதையும் போயாச்சு, கண்ணை மூடு.